ஏறும்போது வேகமானி 105 காட்டியது, ஸ்டால் ஹார்னும் அடித்தது. எதை நம்பியிருக்க வேண்டும்?

வானம்பாடி_மெல்பர்ன்:

எல்லோருக்கும் வணக்கம். மெல்பர்னில், மூராபின் விமானத் தளத்தில் செஸ்னா 172 ஓட்டப் பழகுகிறேன். மொத்தம் 46 மணி நேரம் ஆகியிருக்கிறது, அதில் தனியாக ஓட்டியது 7. பிழைப்புக்கு நர்ஸ் வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். போன வியாழக்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு எங்கே தவறினேன் என்று சொல்லுங்கள்.

தனியாக சர்க்யூட் அடிக்க, அதாவது ஏறி, ஓடுபாதையைச் சுற்றி வந்து மறுபடி இறங்கப் போனேன். காலை 9 மணிக்கே நல்ல வெயில். வடக்கிலிருந்து 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) காற்று, வடக்கு நோக்கிய ஓடுபாதை 35. விமானம் நாலு நாளாக வெளியில் நின்றிருக்கிறது. வேகமானிக்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுபோகும் பிட்டோ குழாய்க்குக் கவர் இல்லை. சுற்றிப் பார்க்கும்போது குழாய் வளைந்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்தேன். குனிந்து, நேருக்கு நேர் துளைக்குள் பார்க்கவில்லை.

ஓடுபாதையில் காற்று இப்படியும் அப்படியும் இழுத்தது. என் கண் நடுக்கோட்டை விட்டு நகரவில்லை. "ஏர்ஸ்பீடு அலைவ்" (வேகமானி முள் அசைகிறது) என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது, கண் முள்ளைப் பார்க்கவில்லை. இதை எனக்கு நானே ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது.

மூக்கு லேசானதும் தூக்கினேன். 200 அடி வாக்கில் பார்த்தபோது முள் 67 நாட். கொஞ்சம் குறைவு, ஆனால் ஏறிக்கொண்டிருக்கிறது, சரி என்று விட்டேன். 300 அடியில் 80-ஐத் தாண்டிவிட்டது. எங்கள் ஏறும் வேகம் 74. அதனால் வேகத்தைக் குறைக்க மூக்கை உயர்த்தினேன். முள் குறையவில்லை. இன்னும் உயர்த்தினேன். 500 அடியில் 105.

அப்போதுதான் அந்தச் சத்தம். திருவிழாவில் குழந்தைகள் ஊதும் பீப்பி மாதிரி, முதலில் மெலிசாக, பிறகு விடாமல். ஸ்டால் ஹார்ன். இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகப் போகிறது (அதுதான் ஸ்டால்) என்கிற எச்சரிக்கை. முள் 105-இல் நிற்கிறது, காதில் ஸ்டால் என்கிறது. எஞ்சின் சத்தமும் கனத்துப்போய், மேடு ஏறும் பஸ் மாதிரி இழுத்தது. கண்ணாடி வழியே வானம் மட்டும்தான் தெரிந்தது. கை தானாகவே முன்னால் தள்ளி மூக்கை இறக்கியது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

1000 அடியில் மட்டமாக்கி எஞ்சினை நிமிடத்துக்கு 2200 சுற்றுக்குக் குறைத்தேன். முள் 145! எஞ்சின் பவரை மாற்றும் திராட்டிலை இழுத்தாலும் 145, கூட்டினாலும் 145. டவரிடம் "பான் பான்" (அவசர நிலை என்று அறிவிக்கும் அழைப்பு) சொல்லி, வேகமானியை நம்ப முடியவில்லை என்றேன். சர்க்யூட்டில் இருந்த மற்றவர்களை விலக்கிவிட்டு எனக்கு முதலில் இறங்க அனுமதி கொடுத்தார்கள். ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டம்) 300 அடியில் முள் 82 காட்டியது. தொடையில் கட்டியிருந்த டேப்லெட்டில் ஜிபிஎஸ் வேகம் 52. அந்த 52-ஐப் பார்த்துப் பயந்து பவர் கூட்டினேன். இறங்க இறங்க முள் 60, 45 என்று சரிந்துகொண்டே வந்தது. ஓடுபாதை விளிம்பைக் கடந்தபோது 30-க்கு அருகில். ஆனால் விமானமோ தரையில் உட்காரவே மாட்டேன் என்று மிதந்தது. ஓடுபாதையில் பாதியைத் தாண்டித்தான் சக்கரம் தொட்டது.

வார்டில் மானிட்டரில் கோடு தட்டையானால் நான் முதலில் நோயாளியின் முகத்தைத்தான் பார்ப்பேன். பத்துக்கு எட்டுத் தடவை லீட் ஒயர் கழன்றிருக்கும். 12 வருஷமாகச் செய்கிற வேலை. அங்கே, மேலே, அந்த ஒரு முள்ளையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

என் கேள்விகள்: முள் ஏன் அப்படி ஏறியது? ஃபைனலில் 82-ஐயா, 52-ஐயா, எதை எடுத்திருக்க வேண்டும்? வரும் சனிக்கிழமை மறுபடி பறக்க வேண்டும். தூக்கத்தில் அந்த பீப்பிச் சத்தம் கேட்கிறது.

---

ஹேங்கர்க்காரர்:

தங்கச்சி, பத்திரமாக இறங்கினதற்குச் சந்தோஷம். அதைவிட, வாய் சொன்னது கண் பார்க்கவில்லை என்று எழுதினீங்களே, அதைப் பழகுகிற ஒவ்வொருவரும் படிக்கணும். நான் 31 வருஷம் சின்ன விமானங்களைப் பழுது பார்த்தவன். முள் ஏன் அப்படி ஏறியது என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஓட்டுவதைப் பற்றி ஓட்டுகிறவர்கள் சொல்லட்டும்.

வேகமானி வேகத்தை அளப்பதில்லை. இரண்டு அழுத்தங்களுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தை அளக்கிறது. பிட்டோ குழாய் வழியாக எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு மெல்லிய டப்பாவுக்குள் போகும். டப்பாவைச் சுற்றி, விமான உடலின் பக்கத்தில் இருக்கும் ஸ்டாட்டிக் துளை வழியாக வரும் சாதாரண வெளிக்காற்று. டப்பா உப்பினால் முள் ஏறும்.

உங்கள் குழாயின் முன்துளை, அடியில் உள்ள வடிகால் துளை இரண்டுமே அடைபட்டிருக்கணும். முன்துளை மட்டும் அடைத்திருந்தால் உள்ளே இருக்கும் காற்று வடிகால் வழியாக வெளியேறி, முள் கடைசி வரை பூஜ்யத்தில் படுத்திருக்கும். இரண்டும் அடைபட்டதால் தரை மட்டக் காற்று டப்பாவுக்குள் சிறைப்பட்டுவிட்டது. ஓடுபாதையில் முள் அசைந்தே இருக்காது. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருப்பது மாறாது, டப்பா உப்பும். உங்கள் வேகமானி உயரமானியாக மாறிவிட்டது.

நீங்கள் எழுதின எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கே உடம்பு சிலிர்த்தது. 65 நாட் வேகத்தில் எதிர்க்காற்று குழாய்க்குள் கொடுக்கும் கூடுதல் அழுத்தம் சுமார் 7 ஹெக்டோபாஸ்கல்தான். தரையிலிருந்து 200 அடி ஏறினால் வெளிக்காற்று குறைவதும் ஏறத்தாழ அதே 7. அதனால்தான் 200 அடியில் நம்பும்படியாக 67 காட்டியது. 300 அடிக்கு 82 வரணும், 500 அடிக்கு 105, சர்க்யூட் உயரத்துக்கு 145-ஐ ஒட்டி. நீங்கள் சொன்னது அத்தனையும் பொருந்துகிறது. முள் செத்துக் கிடந்திருந்தால் நீங்கள் 50 அடியிலேயே கண்டுபிடித்திருப்பீங்க. சரியான இடத்தைக் கடந்து போனதால்தான் ஏமாந்தீங்க.

இதே வினைதான் 1996 பிப்ரவரி 6-இல் டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவில் நடந்தது. பிர்கன்ஏர் 301, போயிங் 757. பல நாள் பறக்காமல் நின்ற விமானம், கடைசியில் பிட்டோ கவரும் இல்லை. ஓடும்போதே கேப்டனின் வேகமானி சரியில்லை என்று தெரிந்தும் ஏறினார்கள். ஏறினதும் முள் உயிர் வந்தது போல ஏறியது. அதிவேக எச்சரிக்கையும் வந்தது, ஸ்டால் எச்சரிக்கையும் வந்தது. 189 பேர் இறந்தார்கள். குழாயை அடைத்தது குளவிக் கூடாக இருக்கலாம் என்றுதான் விசாரணை கருதியது.

உங்களுக்கும் குளவியாகத்தான் இருக்கும், கோடை வேறு. நம்மூர் வீடுகளில் சாவித் துவாரத்தில் மண் வைத்து அடைக்குமே, அந்த ரகம். பிரிஸ்பேன் விமான நிலையத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறிய சாவித்துளைக் குளவி ஒன்று பெரிய தலைவலி. 2013 நவம்பரில் அங்கே ஒரு ஏர்பஸ் ஏ330 விமானத்தின் பிட்டோவை, இரண்டு மணி நேரம் தரையில் நின்ற இடைவெளியில் மண்ணால் அடைத்துவிட்டது. நாலு நாள் என்றால் அதற்குத் தாராளமான நேரம்.

ஸ்டால் ஹார்ன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 172-இல் அது இடது இறக்கையின் முன் விளிம்பில் ஒரு சின்னத் துவாரம். இறக்கை ஸ்டாலை நெருங்கும்போது அங்கே உறிஞ்சல் உண்டாகி, உள்ளே ஒரு மெல்லிய நாக்கை அதிர வைக்கும். நாயனத்துக்குச் சீவாளி மாதிரி. அதற்கு மின்சாரம் தேவையில்லை, பிட்டோவோடு ஒரு உறவும் இல்லை. பறக்கும் முன் சுத்தமான கைக்குட்டையைத் துவாரத்தின் மேல் வைத்து வாயால் உறிஞ்சினால் சத்தம் வரும். அன்றைக்கு உங்களிடம் உண்மை பேசினது அதுதான். கை அதைக் கேட்டது.

---

தென்கடல்:

சகோதரி, இவ்வளவு குழப்பமே வேண்டாம். இப்போதெல்லாம் எல்லோரிடமும் டேப்லெட் இருக்கிறது. வேகமானி போனால் ஜிபிஎஸ் வேகத்தை 65-இல் வைத்து இறங்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

---

வலது_சீட்:

தென்கடல், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் பயிற்சி கொடுப்பவன், இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜிபிஎஸ் காட்டுவது தரை மேல் நகரும் வேகம். இறக்கைக்கு அது தெரியாது. வானம்பாடியின் ஃபைனலில் எதிர்க்காற்று 15. டேப்லெட்டில் 52 என்றால் காற்றில் வேகம் 67. அதாவது அந்த நேரத்தில் அவர் மிகச் சரியான வேகத்தில் இருந்திருக்கிறார்! 52-ஐப் பார்த்துப் பவர் கூட்டியதால்தான் மிதந்தார். இது பெரிய தவறில்லை, ஓடுபாதை மட்டும்தான் செலவாயிற்று. ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கிறது. டவுன்விண்டில், அதாவது ஓடுபாதைக்கு இணையாக எதிர்த் திசையில் போகும்போது, காற்று முதுகில். அங்கே டேப்லெட்டில் 65 வரும்படி மூக்கை இழுத்துப் பிடித்தால் காற்றில் வேகம் 50. ஃபிளாப் (இறக்கையின் பின் விளிம்பில் உள்ள மடிப்பு) இறக்காத 172 ஸ்டால் ஆவது 48-இல். 1000 அடியில், திரும்பப் போகிற நேரத்தில், 2 நாட் மிச்சம். ஜிபிஎஸ்ஸைப் பார்க்கலாம், காற்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

வானம்பாடி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: 82-உம் வேண்டாம், 52-உம் வேண்டாம். மூக்கு எங்கே இருக்கிறது, எஞ்சின் எத்தனை சுற்று, இந்த இரண்டும் போதும். நீங்கள் 46 மணி நேரமாக ஓட்டும் அதே விமானம்தான். முழு பவரில் மூக்கு வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றால் 74 வராமல் எங்கே போகும்? 2200 சுற்றில் மட்டமாகப் பறந்தால் 90 சொச்சம் வரும். அந்தச் சுற்றில் 172-ஆல் 145 போகவே முடியாது. முள் சொல்வது நடக்கக்கூடியதா என்று ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, எஞ்சின் இழுத்தது என்று எழுதினீர்களே, பஸ் மாதிரி என்று. நம் 172-இல் புரொப்பெல்லரின் கோணம் மாறாது. முழு திராட்டிலில் வேகம் குறைந்தால் சுற்றும் குறையும். காது கேட்டதை, சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரிலும் பார்த்திருக்கலாம்.

என் மாணவர்களைத் தனியாக அனுப்பும் முன் ஒரு தடவையாவது வேகமானியை அட்டையால் மூடி சர்க்யூட் அடிக்க வைப்பேன். முதல் சுற்றில் எல்லோரும் வேகமாகவே வருவார்கள், பயம். மூன்றாவதில் 5 நாட் வித்தியாசத்துக்குள் வந்துவிடுவார்கள். சனிக்கிழமை தனியாகப் போகாதீர்கள். உங்கள் பயிற்றுநரைக் கூட்டிக்கொண்டு போய் இதைக் கேளுங்கள்.

ஓடுபாதையில் "அலைவ்" சொல்லும்போது எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அலைவ், 40." எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் கண் போய்த்தான் ஆக வேண்டும். எண் வரவில்லை என்றால் திராட்டிலை மூடிவிட்டு நில்லுங்கள்.

---

மேகத்துக்குள்:

என்னுடையது வேறு கருவி, ஆனால் ஏமாந்த விதம் ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

ஒரு மே மாதம், லாட்ரோப் பள்ளத்தாக்கிலிருந்து மூராபினுக்கு, மேகத்துக்குள், 5000 அடி. நான் தனி. விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம் என்கிற கருவி, வலது பக்கம் லேசாகச் சாய்ந்ததாகக் காட்டியது. ஒரு தாளின் தடிமன் அளவு. இடது பக்கம் திருத்தினேன். மறுபடி சாய்ந்தது, மறுபடி திருத்தினேன். அந்தக் கருவிக்குள் சுழலும் சக்கரத்தை ஓட்டுவது எஞ்சினோடு சேர்ந்த வாக்குவம் பம்ப். பம்ப் நின்றாலும் சக்கரம் உடனே நிற்பதில்லை, மெதுவாக ஓய்ந்து மெதுவாகச் சாயும். சிவப்பு விளக்கு கிடையாது. அது சாய்கிற வேகத்துக்கு என்னையும் கூடவே சாய்த்துக்கொண்டு போனது.

என்னைக் காப்பாற்றியது, விமானம் திரும்புவதைக் காட்டும், மின்சாரத்தில் ஓடும் டர்ன் கோ-ஆர்டினேட்டர். அதில் குட்டி விமானம் இடது இறக்கையைத் தாழ்த்தி இருந்தது. காந்தத் திசைகாட்டி நீந்திக்கொண்டிருந்தது. உயரம் 200 அடி இறங்கி, வேகம் கூடியிருந்தது. மூன்றும் ஒரே கதை, செயற்கை அடிவானம் மட்டும் வேறு கதை. வாக்குவம் மீட்டரைப் பார்த்தேன். 5-இல் நிற்க வேண்டிய முள் பூஜ்யத்தில்.

தெரிந்த பிறகும் கண் அதையே தேடுகிறது, அதுதான் கொடுமை. மட்டமாகப் பறக்கிறேன் என்று தெரியும், ஆனால் அது சாய்ந்திருப்பதைப் பார்த்தால் கை தானே திருத்தப் போகிறது. தொடைப் பலகையில் இருந்த மஞ்சள் ஒட்டுச்சீட்டு இரண்டைக் கிழித்து அதையும், அதே பம்பில் ஓடும் திசைக் கருவியையும் மூடினேன். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. கன்ட்ரோலரிடம் சொன்னேன். அவர் "திரும்பத் தொடங்கு", "நிறுத்து" என்று மட்டும் சொல்லி ஓட்ட வைத்தார். டர்ன் கோ-ஆர்டினேட்டரின் குறியில் இறக்கையை வைத்தால் நொடிக்கு 3 டிகிரி திரும்பும், அவர் நொடிகளை எண்ணிக்கொண்டார். கடல் மேலே உயரத்தைக் குறைக்க வைத்தார். 1800 அடியில் மேகம் கிழிந்து வெஸ்டர்ன்போர்ட் விரிகுடாவும் ஃபிரெஞ்ச் தீவின் சேற்றுக் கரையும் தெரிந்தன. அந்தக் கரையின் சாம்பல் நிறம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

பம்பைக் கழற்றி மெக்கானிக் என் கையில் கொடுத்தார். குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். உள்ளே இருந்த கார்பன் தகடுகள் துண்டு துண்டு. அந்த வகைப் பம்ப் எண்ணெய் இல்லாமல் ஓடுவது, முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாமல் உடைந்துவிடும்.

2000 அக்டோபர் 16 இரவு, அமெரிக்காவின் மிசூரி மாநில கவர்னர் மெல் கார்னஹன் போன செஸ்னா 335-ஐ ஓட்டியது அவர் மகன். இடது பக்கச் செயற்கை அடிவானம் வேலை செய்யவில்லை, வலது பக்கத்தில் இருப்பதைப் பார்த்து ஓட்டுகிறேன் என்று அவர் கன்ட்ரோலரிடம் சொன்னார். நல்ல கருவி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் இருட்டில், மேகத்தில், குலுக்கலில், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் காதுக்குள் இருக்கும் சமநிலை குழம்பிவிடும். விமானத்தில் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து என் பையில் ஒட்டுச்சீட்டு இல்லாமல் நான் ஏறுவதில்லை.

---

வானம்பாடி_மெல்பர்ன்:

எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக நன்றி சொல்ல வார்த்தை வரவில்லை. ஹேங்கர்க்காரர் அண்ணா, குளவியேதான். முன்துளையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு உள்ளே மண், அதில் பச்சையாக ஒரு புழு. வடிகால் துளையையும் மண் தாண்டியிருந்தது.

சனிக்கிழமை பயிற்றுநரோடு போனேன். வேகமானி மேல் அவரே அட்டையை ஒட்டினார். முதல் சர்க்யூட்டில் வலது_சீட் ஐயா சொன்னபடியே வேகமாக வந்து மிதந்தேன். இரண்டாவதில் ஃபைனலில் சத்தமாக "70" என்றேன், அட்டையைத் தூக்கினார், 76. மூன்றாவதில் கண்ணாடியில் ஓடுபாதை எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்தேன், காற்று விமானத்தின் உடம்பில் உரசிப் போகிற சத்தம் தணிவதைக் கேட்டேன். "67" என்றேன். 68. கடைசியாக 3000 அடிக்குப் போய், அவர் கேட்டுக்கொண்டபடி மூக்கைத் தூக்கி அந்த பீப்பியை வேண்டுமென்றே ஐந்து தடவை ஊத வைத்தேன். அன்றைக்கு இரவு தூங்கினேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. டார்ச் அடித்தால் முன்துளை தெரிகிறது. வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஊசி விட்டுப் பார்க்கலாமா?

---

ஹேங்கர்க்காரர்:

ஊசி வேண்டாம் தங்கச்சி, மண்ணை இன்னும் உள்ளே தள்ளிவிடும். வாயால் ஊதவும் கூடாது, உள்ளே இருக்கும் டப்பா மெல்லிசு, கிழிந்துவிடும். நாங்களே கருவியிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டுத்தான், பின்னாலிருந்து முன்னால் காற்றை அடிப்போம். பிறகு கசிவு பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவோம். நீங்கள் இறக்கைக்கு அடியில் மண்டியிட்டு, கீழிருந்து மேலே டார்ச் அடித்துப் பாருங்க. குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி தெரியணும். காவி நிறமாகத் தெரிந்தாலோ, தெரியவே இல்லை என்றாலோ, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. கவருக்கு ஒரு பழைய சிவப்புத் துணி நாடா கட்டிவிடுங்க, கழற்ற மறக்காமல் இருக்க.